மின்சாரப் பிக்கப்பில் ஏன் சூடு குறைகிறது? வாகன வெப்பமூட்டியின் வரலாறு



நம் மலேசியத் திருநாட்டில் காரில் ஏறியவுடன் நம் கை தேடுவது குளிர்சாதனத்தின் பொத்தானைத்தான். காருக்குள் வெப்பமூட்டி எதற்கு என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கேட்டால் வியப்பதற்கில்லை. கேமரன் மலையின் அதிகாலைக் குளிருக்கும் ஒரு கம்பளிச் சட்டை போதும். ஆனால், கனடாவின் மானிடோபா மாநிலத்திலும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும் ஜனவரி மாதத்து வெப்பநிலை -30 டிகிரி செல்சியசைத் தொடுவதுண்டு. அங்கே வெப்பமூட்டி என்பது சொகுசுப் பொருள் அன்று. மூச்சுக் காற்றின் ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பனியாய் உறைந்துவிட்டால் ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. பனிப்புயலில் வண்டி நடுவழியில் சிக்கிக்கொண்டால் அந்தச் சிறு அறையின் சூடுதான் உயிரைக் காக்கும்.

அத்தகைய குளிர் நாடுகளில் மின்சாரத்தால் ஓடும் பிக்கப் வண்டிகளை வாங்கியோர் சிலர் கூறும் குறை ஒன்று உண்டு. வெளியே கடுங்குளிர், உள்ளே வருவதோ வெதுவெதுப்பான காற்று. காலடியோ இன்னும் சில்லென்று இருக்கிறது. வண்டி புதியது, விலை மிகுந்தது. பழைய பெட்ரோல் பிக்கப்பில் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடுமே, இதில் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கிறார்கள். பழுது பார்ப்பவர் உடனே உருகியையும் நீரேற்றியையும் தேடிப் போவார். அது தவறன்று. எனினும், இக்குறையின் வேர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னே இருக்கிறது என்பது என் எண்ணம். அவ்வேரை அறிந்தவருக்கு எங்கே தேட வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளுக்குக் கூரையோ பக்கக் கதவுகளில் கண்ணாடியோ இருந்ததில்லை. குதிரை வண்டிக் காலத்தின் உபாயங்களே அவற்றிலும் தொடர்ந்தன. அடுப்பில் சூடாக்கிய செங்கல்லையோ சோப்புக்கல்லையோ துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வர். கரித்துண்டைக் கனலவைத்து இழுப்பறைபோன்ற சிறு தகரப் பெட்டிக்குள் வைப்பர். மடியின்மேல் தடித்த கம்பளியோ விலங்குத் தோலோ போர்த்திக்கொள்வர். சூடாக்கியது அறையை அன்று, மனித உடலை. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம். மார்கரெட் வில்காக்ஸ் என்னும் சிகாகோ பெண்மணி 1893-இல் மோட்டார் காருக்கான வெப்பமூட்டியைக் கண்டுபிடித்தார் என இணையப் பக்கங்கள் பலவற்றில் காணலாம். அவர் அவ்வாண்டில் காப்புரிமை பெற்றது உண்மையே. ஆனால், 1893-இல் அமெரிக்காவில் மோட்டார் கார் என்பது தலைகாட்டத் தொடங்கியிருந்த ஒரு புதுமை. அக்காலத்து அமெரிக்கர்களின் பேச்சில் 'கார்' என்றால் இரயில் பெட்டி. அவர் சூடாக்க எண்ணியதும் அதைத்தான். ஒரு சொல்லின் பொருள் மாறியதால் ஒருவருடைய சாதனையே வேறொன்றாய் மாறிப்போன கதை இது. பெயர் பெற வேண்டியவர் பெயர் பெறட்டும். ஆனால், செய்த செயலுக்காகப் பெறட்டும்.

அக்காலத்திலேயே மின்சாரக் கார்களும் ஓடின என்பதைப் பலர் அறியார். டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் நிறுவனம் 1907-ஆம் ஆண்டு முதல் அவற்றைச் செய்து விற்றது. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் தொல்லை இல்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை. நகரத்துப் பெண்டிரும் மருத்துவர்களும் விரும்பி வாங்கினர். கண்ணாடிக் கூண்டுபோல் மூடப்பட்ட வண்டி என்பதால் காற்று உள்ளே வீசாது. ஆயினும் அவ்வண்டியிலும் கம்பளியும் கால் சூடேற்றியுமே துணை. குளிர் காலத்தில் மின்கலத்தின் ஆற்றல் தானே குறைந்துவிடும். எடிசனின் நிக்கல்-இரும்பு மின்கலமோ குளிரில் இன்னும் சோர்ந்துபோகும். வண்டியை ஓட்டவே போதாத மின்சாரத்தில் அறையைச் சூடாக்க எவர் முன்வருவார்? இன்றைய பிக்கப்பின் சிக்கல் அன்றே முழுமையாய் இருந்தது. அன்றைய மக்கள் அறை சூடாகும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே, குறை சொல்லவும் இல்லை.

எதிர்பார்ப்பை உண்டாக்கியது பெட்ரோல் இயந்திரம். அதன் குணத்தைச் சற்று விளக்க வேண்டும். பெட்ரோலை எரித்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. ஒரு பகுதி புகைக் குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொரு பகுதியை ரேடியேட்டர் காற்றில் விடுகிறது. சமையலறையில் நூறு ரிங்கிட்டுக்கு விறகு வாங்கி, எழுபது ரிங்கிட் விறகை வாசலில் வீணே எரிப்பதற்கு இது ஒப்பாகும். வாசலில் எரிகிறதே, அதில் குளிர்காய்ந்தால் என்ன என்று நினைத்தவர்கள்தாம் கார் வெப்பமூட்டியைப் படைத்தார்கள்.

முதலில் அவர்கள் பற்றியது புகைக் குழாயை. அதன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றில் ஏற்றி, தரையில் உள்ள சல்லடை வழியே உள்ளே விட்டனர். சூடு விரைவில் கிடைத்தது. ஆனால், குழாயில் சிறு வெடிப்பு நேர்ந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி உள்ளே கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதாய் உணர்வோர் மீளாத் தூக்கத்தில் ஆழ்வர். குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டவர்களுக்கே ஆபத்து மிகுதி என்பது இதில் உள்ள கொடுமை.

அடுத்து வந்தது சுடுநீர் வெப்பமூட்டி. 1930-களில் இது பரவியது. இயந்திரத்தைக் குளிர்வித்துச் சூடேறிய நீரை ஒரு சிறு ரேடியேட்டருக்குள் செலுத்தி, விசிறி கொண்டு அதன் சூட்டை அறைக்குள் வீசுவது இதன் முறை. நச்சுப் புகைக்கு இடமில்லை. 1938-இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, இச்சுடுநீரால் சூடாக்கி, அறைக்குள் செலுத்தும் அமைப்பைத் தன் கார்களில் தந்தது. இன்று நாம் காணும் கார்க் காற்றமைப்பின் முன்னோடி அதுவே எனலாம். அதன்பின் வந்த தலைமுறைகள் காரில் சூடு என்பதைக் குழாயில் வரும் நீர்போல் கருதத் தொடங்கின. பொத்தானைத் திருப்பினால் வரும். அதற்கு விலை இல்லை.

விலை இல்லாமை எல்லார்க்கும் வாய்த்துவிடவில்லை. வோக்ஸ்வேகன் பீட்டிலை நம் நாட்டிலும் பலர் அறிவர். அதன் இயந்திரம் நீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதுவும் வண்டியின் பின்புறத்தில் இருப்பது. சூடான காற்று பின்னாலிருந்து புறப்பட்டு, கதவுக்குக் கீழுள்ள தகரக் குழல் வழியே முன்கண்ணாடி வரை பயணம் செய்ய வேண்டும். வழியெல்லாம் சூட்டை இழந்துவிடும். தகரக் குழல் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எஞ்சியதும் போய்விடும். குளிர் நாட்டுப் பீட்டில்காரர்கள் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே ஓட்டியதாகக் கதை கதையாய்ச் சொல்வர். பெட்ரோலை எரிக்கும் தனி வெப்பமூட்டியை வாங்கிப் பொருத்திக்கொண்டோரும் உண்டு. வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வழியே வருகிறது, எங்கே இழக்கப்படுகிறது என்னும் மூன்று கேள்விகளைப் பீட்டில் அன்றே கற்பித்துவிட்டது. மின்சாரப் பிக்கப்புக்கும் அதே மூன்று கேள்விகள்தாம்.

இனி 1990-களுக்கு வருவோம். 1990-இல் கலிபோர்னியா மாநிலம் புகையில்லா வண்டிகளை விற்றாக வேண்டும் என்று பெரிய கார் நிறுவனங்களுக்கு விதி வகுத்தது. அதன் விளைவாய் ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் ஈவி-1 என்னும் மின்சாரக் காரை வெளியிட்டது. அதன் இயக்க உறுப்புகளை ஒட்டியே 1997-இல் செவ்ரோலெட் எஸ்-10 மின்சாரப் பிக்கப் பிறந்தது. ஏறத்தாழ 500 வண்டிகளே செய்யப்பட்டன. மின்வாரியங்களும் அரசுத் துறைகளும் தங்கள் பணிக்கு எடுத்துக்கொண்டன. 1998-இல் ஃபோர்டு நிறுவனம் ரேஞ்சர் மின்சாரப் பிக்கப்பைக் கொணர்ந்தது. அது ஏறத்தாழ 1,500. எண்ணிக்கை சிறிது. ஆனால், நம் கதைக்கு எஸ்-10 மிக முக்கியமானது.

அதன் முதல் ஆண்டு வண்டியில் இருந்த ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவு 16.2 கிலோவாட்-மணி. எவ்வளவு என்று விளங்க ஓர் ஒப்பீடு: ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. ஆக, பல நூறு கிலோ எடையுள்ள அம்மின்கல அடுக்கு முழுதும் சேர்ந்து இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலையே சுமந்தது! மின்மோட்டார் ஆற்றலை வீணாக்காது என்பதால் அவ்வளவைக் கொண்டே ஓட முடிந்தது. ஆனால், 3 கிலோவாட் மின்சூடேற்றி ஒன்றை ஒரு மணி நேரம் எரித்தால் மின்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காலி.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? சாதாரணக் குளிருக்கு ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப ஏற்றியை வைத்தார்கள். உறைநிலையை ஒட்டிய கடுங்குளிருக்கு டீசலை எரிக்கும் சிறு வெப்பமூட்டி ஒன்றைத் துணைக்கு வைத்தார்கள். ஆம், புகையில்லாத மின்சாரப் பிக்கப்பில் டீசல்! இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. எனக்கு நகைப்பு வரவில்லை. கையிலிருந்த மின்கலத்தின் அளவை அறிந்து, ஓட்டுநர் உறைந்துபோகக் கூடாது என்று எண்ணியவர்களின் நேர்மையான விடை அது. மின்சாரத்தை ஓட்டத்திற்கு வைத்துக்கொண்டு, சூட்டுக்குத் தனியே எரிபொருள் வாங்கினார்கள். பெட்ரோல் காரில் இலவசமாய்த் தோன்றிய சூட்டுக்கு உண்மையில் என்ன விலை என்பதை அந்தச் சிறு டீசல் தொட்டி வெளிப்படுத்திவிட்டது.

வெப்ப ஏற்றி என்றேன். நீரைத் தாழ்விலிருந்து மேட்டுக்கு ஏற்றுவது நீரேற்றி. அதுபோல் வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்கு ஏற்றுவது வெப்ப ஏற்றி. நம் வீட்டுக் குளிர்சாதனம் அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது அல்லவா? அதையே திசை மாற்றி, வெளியே உள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே கொட்டச் செய்தால் அதுவே வெப்ப ஏற்றி. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு என்பது மாணவர்களுக்கு எளிதில் நம்ப முடியாத செய்தி.

இதன் வரலாற்றில் நம் வெப்பமண்டலத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஸ்காட்லாந்தின் வானியலாளர் பியாசி ஸ்மித் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெப்ப நாடுகளில் அறைகளைக் குளிர்விக்கும் வழியொன்றை முன்மொழிந்தார். அது குறித்து நடந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1852-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர், அதே முறையால் கட்டடங்களைச் சூடாக்கவும் இயலும் என்று காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஜூல் கண்டறிந்தபடி, மின்தடையில் செலவாகும் ஓர் அலகு மின்னாற்றல் ஓர் அலகு வெப்பத்தையே தரும்; அதற்குமேல் தராது. வெப்ப ஏற்றியோ ஓர் அலகு மின்சாரத்தைக் கூலியாய்ப் பெற்று, மிதமான குளிரில் இரண்டு மூன்று அலகு வெப்பத்தைச் சுமந்துவந்து தரும்.

ஆனால், கூலிக்காரருக்கும் எல்லை உண்டு. வெளியே குளிர் மிக மிக, அவர் சுமக்கும் அளவு குறையும். கார்களில் நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-134ஏ என்னும் குளிர்பதனப் பொருள் இயல்பான காற்றழுத்தத்தில் -26 டிகிரி செல்சியசில் கொதிப்பது. வெளிக்காற்று அவ்வளவு தாழ்ந்துவிட்டால் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவது அரிதாகிவிடும். வெப்பம் மிகத் தேவைப்படும் நாளில்தான் வெப்ப ஏற்றி மிகத் தளரும். எஸ்-10 பிக்கப்பின் டீசல் தொட்டிக்கு இதுவே காரணம்.

2010-இல் வந்த நிசான் லீஃப் காரில் முதலில் மின்சூடேற்றியே இருந்தது. சில ஆண்டுகளில் வெப்ப ஏற்றியும் சேர்ந்தது. பிக்கப் உலகிலும் இதே வரிசைதான். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 2022-இல் வெப்ப ஏற்றி இன்றி வந்தது. 2024-ஆம் ஆண்டு வண்டியில் அது இடம்பெற்றது. 2021-இல் வெளிவந்த ரிவியன் ஆர்1டி பிக்கப்பும் 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் அதைப் பெற்றது. சூட்டின் விலையை அறிய ஓர் ஆய்வு உதவும். அமெரிக்க மோட்டார் வாகனக் கழகமான ஏஏஏ, 2019-இல் ஐந்து மின்சாரக் கார்களை ஆராய்ந்தது. -7 டிகிரி குளிரில் வெப்பமூட்டியின்றி ஓடும் தூரம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. வெப்பமூட்டியை இயக்கினால் 41 விழுக்காடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் வண்டி செய்தவரும் ஓட்டுநரும் தினமும் பேரம் பேசுகிறார்கள். சூடா, வீடு சேர்வதா? அதனால்தான் வண்டியின் மென்பொருள் சில வேளைகளில் தானே சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் இருக்கையையும் திசைமாற்றி வளையத்தையும் சூடாக்கும் கம்பிகள் மின்சார வண்டிகளில் இத்துணைப் பெருகின. காற்றைச் சூடாக்க ஆயிரக்கணக்கான வாட் வேண்டும். முதுகைச் சூடாக்க நூறு வாட் அளவில் முடிந்துவிடும். செங்கல்லைக் காலடியில் வைத்த பாட்டனார் அறிந்த கணக்கு இது.

இப்போது பழுதுக்கு வருவோம். பெட்ரோல் வண்டியில் சூடு குறைந்தால் பழுது பார்ப்பவர் முதலில் சந்தேகிப்பது இயந்திர நீரின் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை. மின்சாரப் பிக்கப்பில் இயந்திரமே இல்லை, அப்பழக்கம் உதவாது. முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்று: காற்றே குறைவாய் வருகிறதா, அல்லது காற்று நன்றாய் வந்தும் சூடு குறைவா? காற்றே குறைவென்றால் வடிகட்டி தூசியாலோ இலைச்சருகாலோ அடைபட்டிருக்கலாம், விசிறியும் தளர்ந்திருக்கலாம். இது எவரும் பார்க்கக்கூடியது, செலவும் சிறிது. பலர் இதைக் கடைசியில் பார்ப்பதுதான் வியப்பு.

காற்று வந்தும் சூடு இல்லையென்றால், அது பழுதா, வண்டியின் சிக்கனமா என்று அறிய வேண்டும். சிக்கன ஓட்ட முறை இயங்குகிறதா? மின்கலம் மிகத் தாழ்ந்த அளவில் உள்ளதா? குளிரில் நின்ற வண்டியின் மின்கலத்துக்கும் சூடு தேவை. அறைக்குரிய வெப்பத்தில் அது பங்கு கேட்கும். புறப்படும் முன் மின்னேற்றியில் செருகியபடியே அறையைச் சூடாக்கிக்கொண்டால் அப்பங்கை வீட்டு மின்சாரமே கொடுத்துவிடும். அப்படிச் செய்தும் சூடு வரவில்லையெனில் பழுது என்றே கொள்ளலாம்.

நீரைச் சூடாக்கும் மின்சூடேற்றி உள்ள வண்டிகளில் பழுது பெரும்பாலும் அந்தப் பழைய 1930-களின் பகுதியில்தான் இருக்கும். குளிர்விப்பு நீர் குறைந்திருக்கும்; குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கும்; சிறு நீரேற்றி சுழலாதிருக்கும். முகப்புப் பலகைக்குப் பின்னால் நீர் கொப்பளிக்கும் ஓசை கேட்டால் காற்று சிக்கியதற்கு அது நல்ல அடையாளம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவோ அதன் மோட்டாரோ சிக்கியிருக்க வாய்ப்புண்டு. சூடேற்றியே பழுதென்று தோன்றினால் அங்கே கை வைக்கக் கூடாது. செம்மஞ்சள் நிற உறை போர்த்திய கம்பிகளில் 400 வோல்ட் அளவிலும் அதற்கு மேலும் மின்னழுத்தம் ஓடும். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

வெப்ப ஏற்றி உள்ள வண்டியில் வெளிப்புறச் சுருளின்மேல் பனி படியும். அதை உருக்க அமைப்பு சிறிது நேரம் திசை மாறும். அப்போது உள்ளே சூடு தளர்வது இயல்பே. தளர்ச்சி நீங்காவிட்டால் குளிர்பதனப் பொருளின் அளவையும் வால்வுகளையும் வெப்ப உணரிகளையும் ஆராய வேண்டும். சில வேளை இவை அனைத்தும் நன்றாய் இருந்தும் குறை நீடிக்கும். 2021-22 குளிர்காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் வெப்ப ஏற்றி பொருத்திய டெஸ்லா கார்கள் பற்றி அத்தகைய முறையீடுகள் எழுந்தன. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 26,681 கார்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மென்பொருளின் பிழையால் ஒரு வால்வு திறந்தே நின்று, குளிர்பதனப் பொருள் ஆவியாக்கியிலேயே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. அரசு இதைச் சொகுசுக் குறையாய்க் கொள்ளவில்லை. முன்கண்ணாடியின் பனியை நீக்கும் திறன் பற்றி அமெரிக்காவில் 1968 முதல் நடப்பிலுள்ள 103-ஆம் எண் பாதுகாப்புத் தர விதியை மீறியதாகவே கருதியது. திருத்தம் இணையவழி மென்பொருளாய்க் கார்களுக்கு அனுப்பப்பட்டது. எவரும் ஒரு திருகாணியையும் கழற்றவில்லை.